தாம்பரம் வட்டாரத்தில் பெரிய மனிதர்களை ‘நேரில் பார்த்தோர்’: ஒரு வகைப்பாட்டாய்வு (குரோம்பேட்டை மூன்றாம் வரிசைச் சிக்கலைச் சிறப்பாக முன்வைத்து)

மீனம்பாக்கம் ஓடுபாதைக்குத் தெற்கே, வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கு வடக்கே, ஜி.எஸ்.டி. ரோட்டின் இரு மருங்கிலும் வாழும் மக்களிடையே நெடுங்காலமாக ஒரு வழக்கு நிலவுகிறது. பேச்சில் ஒரு பெரிய மனிதரின் பெயர் விழுந்த உடனே, கூட்டத்தில் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “அவரா? நான் நேர்லயே பார்த்திருக்கேனே” என்பார். இந்தக் கூற்று குறித்து இதுகாறும் முறையான ஆய்வு நிகழவில்லை. பல்கலைக்கழகங்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவை சங்க இலக்கியத்தில் நண்டு, சங்க இலக்கியத்தில் நண்டு வளை, சங்க இலக்கியத்தில் நண்டு இல்லாத வளை என்று முறைப்படி முன்னேறிக்கொண்டிருந்தன. அந்த வெற்றிடத்தை இக்கட்டுரை நிரப்புகிறது.

முதன்மைச் சான்றுகள் மூன்று: கல்யாணப் பந்தி, சலூன் பெஞ்சு, பீச்–தாம்பரம் லோக்கல். துணைமைச் சான்று ஒன்றே, அது பார்த்தவரின் மனைவி. இது பெரும்பாலும் மறுப்புச் சான்றாகவே அமைகிறது (“இவரு எங்க பார்த்தாரு? பார்த்தது இவங்க அண்ணன்”). ஆய்வு நெறிமுறை கருதி, மறுப்புச் சான்று வரும்போதெல்லாம் ஆய்வாளர் இன்னொரு காபி கேட்டுப் பேச்சை மாற்றினார்.

முதல் வகை, கார்க் கண்ணாடிக் காட்சி. விமான நிலையத்திலிருந்து தெற்கே போகும் எந்தப் பெரிய மனிதரும் ஜி.எஸ்.டி. ரோட்டைத் தவிர்க்க முடியாது என்பதால் இவ்வகையே எண்ணிக்கையில் மிகுதி. போலீஸ் விசில், முன்னே இரண்டு ஜீப், நடுவே ஒரு கார், காருக்குள் ஒரு கை. கையின் சொந்தக்காரர் யார் என்பதை அன்று மாலைதான் முடிவு செய்வார்கள். 1985-ல் வண்டலூர் பூங்காவைத் திறந்து வைத்தவர் எம்.ஜி.ஆர். அந்த வழியில் அன்று அசைந்த கை அவருடையதே என்று கொள்வதில் தடையில்லை. கை அசைந்தது தம்மைப் பார்த்துத்தான் என்பதே மேலாய்வுக்குரியது (காண்க: கிழக்குத் தாம்பரம் சலூன் பெஞ்சு, இடமிருந்து இரண்டாமவர், ஒரு பக்க மீசை முடிந்த நிலையில் அருளியது).

இரண்டாம் வகை, விமான நிலைய வகை. வழியனுப்பப் போனவர், வந்து இறங்கிய யாரோ ஒருவரைப் பார்த்துவிடுவது. இதில் எல்லாரும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள், டிராலி மட்டும் மாறுகிறது. விதிவிலக்காக ஒன்று உண்டு. 1975 ஜனவரியில் ஹங்கேரியக் கணிதமேதை பால் எர்டிஷ், கல்கத்தாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் போகிற வழியைத் திருப்பிக்கொண்டு சென்னையில் இறங்கினார். விவேகானந்தா கல்லூரியில் இளநிலை படித்துக்கொண்டிருந்த கிருஷ்ணசாமி அல்லாடி தம் கண்டுபிடிப்புகளைப் பற்றி அவருக்கு எழுதியிருந்தார். மாணவரைப் பார்க்க மேதையே வந்துவிட்டார். அந்த மாணவர்தான் பிற்பாடு ராமானுஜன் பெயரில் நடக்கும் கணித இதழைத் தொடங்கி நடத்தினார். இங்கே யார் யாரைச் சந்தித்தார் என்பதே குழப்பமாக இருப்பதால், நம் வகைப்பாட்டுக்கு இது ஒத்துவரவில்லை. ஒத்துவராத தரவை ஒதுக்குவது ஆய்வு மரபு.

எர்டிஷ் பெயரைச் சொன்ன வாயோடு இன்னொன்றையும் சொல்லிவிடுவது நல்லது. அவரோடு சேர்ந்து கட்டுரை எழுதியவருக்கு எண் 1, அப்படி எழுதியவரோடு சேர்ந்து எழுதியவருக்கு எண் 2 என்று கணிதவியலாளர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். வேடிக்கைக்காகத் தொடங்கியதுதான். இப்போது அதைத் தன்விவரக் குறிப்பில் போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. ‘எங்க மாமாவோட ஃப்ரெண்டு அவர்கூட வேலை பார்த்தாரு’ என்கிற மேடவாக்கத்துக்காரரைப் பார்த்துச் சிரிப்பவர்கள், தங்கள் எண்ணை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாம் வகை, உடன் பயணம். 1914 மார்ச்சில் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘நெவாசா’ கப்பலில் சீனிவாச ராமானுஜன் இங்கிலாந்துக்குப் போனார். அதே கப்பலில் டாக்டர் சவுரிமுத்துவும் போனார். காசநோய் மருத்துவர். பிறகு ராமானுஜனுக்கு உடம்பு முடியாமல் போனபோது, இங்கிலாந்தின் மென்டிப் குன்றுப் பகுதியில் இதே சவுரிமுத்து நடத்திய சானடோரியத்தில்தான் சில காலம் இருந்தார். அந்த டாக்டர் ஊர் திரும்பி 1928-ல் தாம்பரத்தில் ஒரு சானடோரியம் தொடங்கினார். அதன் பெயரில் இன்றும் ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. ஆக, சித்த மருத்துவமனைக்கு வந்து சானடோரியம் ஸ்டேஷனில் கால் வைக்கும் எவரும், அந்தப் பெயர் வழியாக டாக்டரையும், டாக்டர் வழியாக ராமானுஜனையும், ராமானுஜன் வழியாகக் கேம்பிரிட்ஜ் கணிதமேதை ஹார்டியையும் எட்டிவிடுகிறார். சீசன் டிக்கெட் வைத்திருப்பவருக்கு இந்த உறவு மாதந்தோறும் புதுப்பிக்கப்படுகிறது (ஒப்புநோக்குக: தாம்பரம் லோக்கல், இரண்டாம் வகுப்பு, பல்லாவரம் தாண்டியதும் ஜன்னலோரத்தில் நிகழ்ந்த உரை. முற்பகுதியை ஆற்றியவர் குரோம்பேட்டையில் இறங்கிவிட்டதால், பிற்பகுதி சானடோரியத்தில் ஏறிய ஒருவரால், பொருள் இன்னதென்று தெரியாமலேயே நிறைவு செய்யப்பட்டது).

நான்காம் வகை, வாத்தியார் வகை. 1947-ல் ஜெமினி ஸ்டுடியோவில் சேரும் முன் ஜெமினி கணேசன் சென்னை கிறித்தவக் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தார். அவரிடம் படித்தவர்கள் அமிலத்தைக் கவனித்தார்கள், ஆளைக் கவனிக்கவில்லை.

ஐந்தாம் வகை, இரட்டைச் சந்திப்பு. 1911-ல் பல்லாவரத்தில் குடியேறிய சுவாமி வேதாசலத்தையும், பின்னர் அதே வீட்டில் மறைமலையடிகளையும் பார்த்துவிட்டு வந்தவர்கள் ஒரே ஆளைத்தான் பார்த்திருக்கிறார்கள். இரண்டாக எண்ணக் கூடாது.

ஆறாம் வகை, குரூப் போட்டோ. இதற்குத்தான் இத்தனை முன்னுரையும்.

சி. ராஜம் 1949-ல் குரோம்பேட்டையில் நிறுவிய எம்.ஐ.டி.யில் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்தார். (அதே வளாகத்தில் மின்னணுவியல் படித்த எஸ். ரங்கராஜன்தான் பின்னாளில் சுஜாதா. அவருடைய ஹாஸ்டல் அறையில் தங்கியிருந்ததாகச் சொல்பவர்களைக் கணக்கெடுத்தால், அந்த அறை ஒரு மண்டபமாக இருந்திருக்க வேண்டும்.) படிப்பு முடிந்து விடைபெறும் நாளில் எடுத்த குரூப் போட்டோவைப் பற்றி ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் கலாமே சொல்கிறார். பேராசிரியர்கள் முன்னால் உட்கார்ந்திருக்க, மாணவர்கள் மூன்று வரிசையாக நிற்கிறார்கள். திடீரென்று ஆஸ்திரியரான பேராசிரியர் ஸ்பாண்டர் எழுந்து கலாமைத் தேடுகிறார். மூன்றாம் வரிசையில் நின்றவரைக் கூப்பிட்டு, முன்வரிசையில் தம் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்கிறார்.

ஒவ்வோர் ஆசிரியர் தினத்திலும் இச்சம்பவத்தைப் பேசுகிறார்கள், கண் கலங்குகிறார்கள். ஆனால் ஒருவராவது கேட்டாரா, மூன்றாம் வரிசையில் விழுந்த இடைவெளி என்ன ஆயிற்று என்று?

அறிஞர் உலகம் இதில் இரண்டுபட்டு நிற்கிறது. முதல் அணியினர் நெருக்கவாதிகள். போட்டோகிராபர் எவரும் இடைவெளியைப் பொறுக்கமாட்டார், “கொஞ்சம் நெருங்கி நில்லுங்க சார்” என்று கறுப்புத் துணிக்குள்ளிருந்து குரல் வந்தே தீரும், ஆகவே அண்டையார் இருவரும் நகர்ந்து இடத்தை நிரப்பினர் என்பது இவர்கள் துணிபு. அடுத்தவர்கள் வெற்றிடவாதிகள். கடன் வாங்கிய கோட்டும் கஞ்சி போட்ட சட்டையுமாக நிற்கும் மாணவன் போட்டோ முடியும்வரை அசையமாட்டான், எனவே இடைவெளி அப்படியே நின்றது என்கின்றனர் இவர்கள்.

நெருக்கவாதிகளுக்குள்ளேயே பிளவு இருக்கிறது. நகர்ந்தவர் இடப்பக்கத்தாரா, வலப்பக்கத்தாரா? இது அற்பக் கேள்வி அன்று. கலாம் நின்ற இடத்தில் நின்றவர் என்னும் தகுதி ஒருவருக்கே உரியதா, அல்லது ஆளுக்குப் பாதி நகர்ந்ததால் ஆளுக்குப் பாதியா என்பது இதைப் பொறுத்தே முடியும். பாதிதான் எனில், இன்று பந்தியில் “கலாம் நின்ன எடத்துல எங்கப்பா நின்னாரு” என்று சொல்பவர், “ஓரளவுக்கு” என்ற சொல்லையும் சேர்த்துச் சொல்லக் கடமைப்பட்டவர். ஸ்பாண்டர் பக்கத்தில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்து நகர்ந்துகொடுத்த பேராசிரியர் யார் என்பது தனி ஆய்வேட்டுக்குரியது. அதற்கு வேறொரு மாணவர் பதிவு செய்யக்கூடும் என்ற அச்சத்தால் இங்கே விரிக்கவில்லை.

இச்சிக்கலுக்கு உள்ள ஒரே பழஞ்சான்று நியூ காலனியில் ஒரு திண்ணையில் வாய்மொழியாகக் கிடைத்தது. அதற்குச் சொன்னவரின் மைத்துனர் வரைந்த விளக்கவுரை ஒன்று, அவ்வுரைக்கு மைத்துனரின் சம்பந்தி எழுதிய மறுப்பு ஒன்று, மறுப்பின் பின்பக்கத்தில் ஒரு மளிகைக் கணக்கு. மூன்றனுள் மளிகைக் கணக்கே காலத்தால் முந்தியது என்பது துவரம்பருப்பு விலையால் பெறப்படும். தமிழில் எத்தனையோ நூல்களின் காலம் இதைவிட மெலிந்த பருப்பின் மேல் நிற்கிறது என்பதால் இச்சான்றை ஏற்பதில் ஆய்வாளருக்குக் கூச்சமில்லை.

அதே எம்.ஐ.டி.யில் இன்னொரு சம்பவமும் உண்டு. அங்கே தமிழ்ச் சங்கம் நடத்திய கட்டுரைப் போட்டியில், நம் விமானத்தை நாமே செய்வோம் என்கிற பொருளில் கலாம் தமிழில் எழுதி முதல் பரிசு பெற்றார். பரிசு தந்தவர் ஆனந்த விகடனின் தேவன், துப்பறியும் சாம்புவைப் படைத்தவர். அன்று யாரிடமாவது “பெரிய மனுஷரைப் பார்த்தேன்” என்று சொல்லிக்கொள்ளும் நிலையில் இருந்தவர் கலாம்தான். தேவன் 1957-ல் காலமானார். பரிசு வாங்கியவர் 2002-ல் குடியரசுத் தலைவரானார். தேவன் இருந்திருந்தால் இதைச் சாம்புவின் அதிர்ஷ்டங்களில் ஒன்றாகச் சேர்த்திருப்பார்.

ஏழாம் வகை, மேடைக் கைகுலுக்கல். இதன் இன்றியமையாமை பின்னர் விளங்கும்.

எட்டாம் வகை, தெரியாமல் பார்த்தல். இந்த இடத்தில் ஆய்வாளர் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்கிறார்.

கிறித்தவக் கல்லூரி 1937-ல் ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரம் காட்டுக்குக் குடிபெயர்ந்தது. மறு ஆண்டு டிசம்பரில், சுண்ணாம்பு வாசனைகூடப் போயிராத அந்த வளாகத்தில் உலக மிஷனரி மாநாடு கூடியது. 400-க்கும் மேற்பட்ட பேராளர்கள். தலைமை ஏற்ற அமெரிக்கர் ஜான் மோட்டுக்கு 1946-ல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. அவர் அப்போதே உலகப் பிரமுகர், போகட்டும். பேராளர்களுக்கு நடுவே தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ஒருவர் இருந்தார். க்ரூட்வில் என்னும் ஊரில் ஜூலு மக்களின் தலைவர், முன்பு பள்ளி ஆசிரியர். பெயர் ஆல்பர்ட் லுத்துலி. 1952-ல் ஆப்பிரிக்க தேசிய காங்கிரசின் தலைவரானார். 1960-ஆம் ஆண்டுக்கான அமைதி நோபல் அவருக்குத்தான், ஆப்பிரிக்கர் ஒருவர் பெற்ற முதல் அமைதி நோபல் அது.

நோபல் வாங்கப்போகிற இரண்டு பேர் ஒரே மாதத்தில் தாம்பரத்தில் சாப்பிட்டிருக்கிறார்கள். அவர்களுக்குச் சாதம் போட்டவர், துணி வெளுத்தவர், ஸ்டேஷனிலிருந்து பெட்டி தூக்கியவர் என்று எவ்வளவோ பேர் பார்த்திருப்பார்கள். ஆனால் “எங்க தாத்தா லுத்துலிய நேர்ல பார்த்தவரு” என்று சொல்கிற ஒருவரும் இவ்வாய்வில் அகப்படவில்லை. கார்க் கண்ணாடிக்குள் தெரிந்த கைக்கு ஆயிரம் சாட்சி, வளாகத்து மரத்தடியில் முழுசாக நடந்துபோனவருக்கு ஒரு சாட்சிகூட இல்லை. இந்த வட்டாரத்தின் உண்மையான சந்திப்புகள் எல்லாம், சந்தித்தவருக்கே தெரியாமல் நடந்து முடிந்தவை என்பது ஆய்வாளரின் எண்ணம். இதை அட்டவணையில் போட வழியில்லை. பார்த்தது தெரியாதவரிடம் வினாநிரல் கொடுத்தால் அவர் என்னவென்று எழுதுவார்?

பல்லாவரத்தில் 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் நிலவியலாளர் ஒரு கல்லைக் குனிந்து எடுத்தார். பழைய கற்காலக் கைக்கோடரி. இந்தியாவின் தொல்பழங்கால ஆய்வே அங்கிருந்துதான் தொடங்குகிறது என்பார்கள். அந்தக் கல்லைச் செதுக்கியவர்தான் இவ்வட்டாரத்தின் முதல் சாதனையாளர். அவரையும் பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள், ‘வேலையத்தவன் கல்லைத் தட்டிக்கிட்டு உக்காந்திருக்கான்’ என்று. இது ஒன்பதாம் வகையாக வேண்டும். தொல்லியல்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று எட்டாம் வகையிலேயே அடக்கப்பட்டது.

இவ்வாய்வேட்டுக்கு வாய்மொழித் தேர்வும் நடந்தேறியது. வெளித்தேர்வாளர் ஏட்டை இரு கையாலும் எடை பார்த்து, திருப்தியுற்று, கீழே வைத்தார். மூன்றாம் வரிசைச் சிக்கல் பற்றிக் கேள்வி வரும் என்று ஆய்வாளர் துவரம்பருப்புச் சான்றோடு தயாராக இருந்தார். தேர்வாளரோ, ஒரு பட்டமளிப்பு விழாவில் கலாம் தம்மோடு கைகுலுக்கியதையும், மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதலாகவே பிடித்திருந்ததையும், அவர் சொன்னதாகத் தமக்குக் கேட்ட அரை வாக்கியத்தையும், மதியச் சாப்பாடு வரும்வரை விவரித்தார். நெறியாளர் மூன்று முறை “அருமை” என்றார். பிறகு திருத்தங்கள் சொல்லப்பட்டன. ஓர இடைவெளியை அரை அங்குலம் கூட்டுக. நன்றியுரையில் நெறியாளரின் பெயருக்கு முன்னால் ‘பேராசான்’ சேர்க்க. மேடைக் கைகுலுக்கலைத் தனி வகையாக்குக.

மூன்றும் செய்யப்பட்டன. ஏழாம் வகையைக் காண்க.