ஈய அங்கி

என் சிறுவயதில், கும்பகோணத்தில், பல்லுக்கு எக்ஸ்ரே என்றால் காகித உறை போட்ட சின்ன ஃபிலிம் ஒன்றை டாக்டர் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் செருகுவார். "விரலால அழுத்திப் பிடிச்சுக்கோ, அசையாதே" என்று சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியே போய்விடுவார். உறையின் முனை ஈறைக் குத்தும். கழுத்துக்கோ மார்புக்கோ எந்த மறைப்பும் கிடையாது. ஃபிலிமை இருட்டறையில் கழுவிக் காயப்போட்டு எடுத்து வரும்வரை பெஞ்சில் காத்திருப்போம்.

டெக்சஸுக்கு வந்த புதிதில் தோளிலிருந்து மடிவரை ஈய அங்கியைப் போர்த்தினார்கள். அதன் கனமே எனக்கு ஆறுதலாக இருந்தது. நம் உடம்பின் மேல் யாரோ அக்கறைப்படுகிறார்கள் என்ற ஆறுதல்.

போன மாதம் டெக்சஸின் ஆலன் நகரில் மகளைப் பல் டாக்டரிடம் அழைத்துப் போனோம். அம்மாவும் கூட வந்திருந்தார். அங்கி இல்லை. வாய்க்குள் ஒரு சென்சார், அதைப் பிடித்துக்கொள்ள ஒரு பிடிப்பான், அவ்வளவுதான். சென்சாரை வெளியே எடுப்பதற்குள் படம் திரையில் வந்துவிட்டது.

"ஏம்ப்பா, நம்ம ஊர்லதான் அந்தக் காலத்துல ஒண்ணும் போடமாட்டாங்க. இங்கேயுமா?" என்றார் அம்மா.

அன்றும் அங்கி இல்லை, இன்றும் இல்லை. ஆனால் காரணம் அடியோடு வேறு. 2024 பிப்ரவரியில் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம், ஈய அங்கியும் கழுத்துப்பட்டையும் இனி வேண்டாம் என்று பரிந்துரைத்தது. உடம்புக்குள்ளேயே சிதறும் கதிரை வெளியே போர்த்திய அங்கி தடுக்காது. சில சமயம் அதுவே படத்தின் குறுக்கே வந்து, மறுபடி எடுக்க வைக்கும். படம்பிடிக்கும் பரப்பின் அளவுக்குக் கதிரைச் செவ்வகமாகக் குறுக்கி, வேண்டிய இடத்தில் மட்டும் விழச் செய்வதே நல்ல காப்பு. இப்படிக் குறுக்கி எடுத்தால், கடைவாய்ப் பற்களை வழக்கமாக எடுக்கும் படங்களில் இன்று உடம்பு ஏற்பது சுமார் 5 மைக்ரோசீவர்ட். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் ஒரு நாளில் இயல்பாக நம்மேல் படும் கதிரைவிடக் குறைவு.

இந்த நிலைக்கு வர எத்தனை பேர் உடம்பைக் கொடுத்திருக்கிறார்கள்! விஞ்ஞானி ரான்ட்ஜன் 1895 நவம்பரில் எக்ஸ்ரே கதிரைக் கண்டுபிடித்தார். சில வாரங்களிலேயே ஜெர்மனியில் ஓட்டோ வால்காஃப் என்ற பல் மருத்துவர் தன் பற்களையே படமெடுத்துக்கொண்டார். அதற்கு 25 நிமிடம் கதிரின் முன் இருந்தார். எங்கள் பக்கத்து மாநிலமான லூசியானாவில், நியூ ஆர்லியன்ஸ் நகரத்துப் பல் மருத்துவர் எட்மண்ட் கெல்ஸ் 1896 முதலே படமெடுத்தவர். எக்ஸ்ரே குழாய் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ஒவ்வொரு முறையும் தன் கையையே கதிருக்கு நடுவில் நீட்டுவார். விரல்களில் புற்றுநோய் வந்தது. விரல்கள், பிறகு கை, பிறகு தோள்வரை வெட்ட வேண்டியதாயிற்று. 1928இல், வலி தாங்காமல், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். கும்பகோணத்து டாக்டர் என் விரலால் ஃபிலிமைப் பிடிக்கச் சொன்னபோது இந்த வரலாறு ஏற்கெனவே புத்தகங்களில் இருந்தது.

திரும்பி வரும் வழியில் காரில் கெல்ஸின் கதையைச் சொன்னேன். அம்மா வெகுநேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த மனுஷன்கிட்ட யாராவது முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதாப்பா?"

சொன்னார்கள். பாஸ்டனில் வில்லியம் ரோலின்ஸ் என்ற பல் மருத்துவர், எக்ஸ்ரே கதிர் பட்டே கினிப்பன்றிகள் செத்ததை 1901இல் அச்சில் எழுதினார். குழாயை ஈயத்தால் மூடுங்கள், வேண்டிய இடத்தில் மட்டும் கதிரை விடுங்கள் என்றார். அன்று பெரும்பாலோர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.