கூறை எடுக்க வரும் மாமி

பாலையூற்றில் ஒரு கல்யாணம் பொருந்திவிட்டால் ஐயருக்கும் சுவாமிக்கும் சொல்ல முன்னமே ஒருவருக்குச் செய்தி போய்விடும். அவர் பெண்ணுக்குச் சொந்த மாமியாக இருக்கவேண்டும் என்றில்லை, ஊருக்கே மாமி. சேலை எடுக்க எந்த வீட்டு வான் வெளிக்கிட்டாலும் சாரதிக்குப் பக்கத்துச் சீட் அவருடையது. தாய், பெரியம்மா, சின்னம்மா, மச்சாள்மார் எல்லாரும் ஏறியபிறகு மிஞ்சுகிற மடக்குச் சீட்டில் கல்யாணப் பெண் இருப்பாள். இடமில்லாவிட்டால் வீட்டில் இருப்பாள்.

திருகோணமலை டவுனில் சேலைக்கடைகளுக்குக் குறைவில்லை. "உங்க என்ன கிடக்கு? வெள்ளவத்தைக்குப் போவம்" என்பார் மாமி. கொழும்பு 250 கிலோமீற்றருக்கு மேல். வான் வாடகை அவருடையதில்லை. கூறையும் மாப்பிள்ளை வீட்டுச் செலவு என்பதால் விலைத் துண்டைத் திருப்பியே பார்க்கமாட்டார்.

கடைக்குள் கால்வைத்ததும் கதிரை தேடுவார். "தம்பி, உதை ஒருக்கா விரியும்." விரித்தவை முழங்கால் உயரத்துக்கு வந்தபிறகு, ஆக அடியில் கிடப்பதைக் கேட்பார். "லைட்டுக்கு எல்லாம் வடிவாத்தான் இருக்கும்" என்று அதைத் தூக்கிக்கொண்டு காலி வீதி வெயிலுக்கு வந்துவிடுவார். கடைப் பையன் பின்னால் ஓடிவருவான்.

சும்மா சொல்லக்கூடாது, இந்த இடத்தில் மாமி கெட்டிக்காரிதான். கடை வெளிச்சத்தில் அரக்காகத் தெரிந்தது பகலில் செங்கல் நிறமாகிவிடும். காஞ்சிபுரத்தில் கரையை உடலோடு கோத்து நெய்திருக்கிறதா என்பதைப் பின்புறத்தைத் தடவியே சொல்லிவிடுவார். ஆவணிக் கல்யாணம் என்றால் பாரமான சரிகையைத் தொடவிடமாட்டார். அந்த வெக்கையில், ஓமப் புகைக்கு முன்னால், பெண் வியர்த்து வடிவது அவர் கண்ணுக்கு இப்போதே தெரியும்.

வேதக்காரர் வீட்டுக் கல்யாணம் என்றால் வேலை இரட்டிப்பு. கோயிலுக்கு வெள்ளை, பிறகு கூறை. வெள்ளை கவுனா, வெள்ளைச் சேலையா, நெட் எவ்வளவு நீளம் என்பதில் குடும்பம் இரண்டாகும். வாடகைக் கவுன் என்று யாராவது வாய் திறந்தால், "ஊரார் உடுத்ததை உடுத்தோ?" என்று மாமி அடைத்துவிடுவார். (அவருடைய மகளின் கூறை கல்யாணத்துக்குப் பிறகு அலுமாரியை விட்டு வரவில்லை, மடித்த இடத்தில் பட்டு இற்றுக் கிடக்கிறது. அந்தக் கதை எடுக்கக்கூடாது.) 1840இல் விக்டோரியா மகாராணி வெள்ளை உடுத்துக் கல்யாணம் முடித்ததிலிருந்துதான் இந்த வழக்கம் உலகமெங்கும் பரவியது. "பிள்ளை, வெள்ளை உமக்கு எடுபடாது" என்று மகாராணிக்குச் சொல்ல அங்கே மாமி இருக்கவில்லை. லூர்து அன்னை 1858இல் காட்சி கொடுத்தபோது உடுத்த வெள்ளையும் நீலக் கச்சையும்தான் பாலையூற்றுச் சுரூபத்துக்கும். ஒருவரும் குறை சொன்னதில்லை. மாமி மட்டும் ஒரு திருநாளன்று, "நீலம் கொஞ்சம் கூடிப்போச்சு" என்றாராம்.

கடைசியில், "எனக்கென்ன, உடுக்கப்போறது அவள்தானே" என்று சொல்லிக்கொண்டே தனக்குப் பிடித்ததற்குப் பில் போடுவிப்பார்.

இரண்டு வீட்டாரும் கேளுங்கள்: மாமியை விட்டுவிட்டுப் போகவேண்டாம். கரையும் சரிகையும் அவர் பார்க்கட்டும். நிறத்தை மட்டும் அவரிடம் கேட்காதீர்கள். வானில் நாலு பேருக்கு மேல் ஏற்றவேண்டாம். அந்த நாலு பேரில் ஒருத்தி கல்யாணப் பெண்ணாக இருக்கட்டும்.