கிர்ரென்னும் ஓசைக்கு ஓர் இலக்கணம்

ஐந்திலக்கணம் கண்ட மொழி தமிழ். ஆறாவதையும் ஏழாவதையும் வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எழுதி முடித்துவிட்டார். ஆகவே பேஸ் கிட்டாரின் தந்தி, தான் தொடக்கூடாத ஃப்ரெட்டைத் தொட்டு எழுப்பும் கிர்ரென்ற ஓசைக்கு இங்கே வகுக்கப்படுவது எட்டாம் இலக்கணம் என்று கொள்க. ஆய்வுக் களம் மைசூர். இந்த ஓசையை ஒழிக்கக் கூலி கொடுப்பவரும் இதே ஓசையை வரவழைக்கக் கூலி கொடுப்பவரும் ஒரே ஊரில், சில சமயம் ஒரே மாடிப்படியில் வசிக்கும் வசதி எல்லா இடத்திலும் அமையாது. மயிலாப்பூர்க்காரர்கள் ஆட்சேபிக்கலாம். ஆட்சேபம் குறித்துக்கொள்ளப்பட்டது.

முதலில் வரையறை. தந்திக்கும் ஃப்ரெட்டின் உச்சிக்கும் இடைப்பட்ட வெற்றிடமே தந்தி உயரம். வாசிப்பவர்கள் 'ஆக்‌ஷன்' என்பர். 1951 முதல் பிரிசிஷன் பேஸ் செய்துவரும் ஃபெண்டர் நிறுவனம், தன் பழைய வளைவுக் கழுத்துக்குச் சொல்லும் கணக்கு இது: பதினேழாம் ஃப்ரெட்டில் தடித்த தந்திப் பக்கம் 2.4 மி.மீ., மெல்லிய தந்திப் பக்கம் 2 மி.மீ. தடித்தவருக்கு ஏன் கூடுதல் இடம் என்பது டவுன் பஸ்ஸில் மூவர் இருக்கையில் உட்கார்ந்தவர்களுக்கு விளக்க வேண்டாத செய்தி. ஈ தந்தி நொடிக்கு 41 முறை மட்டுமே அதிர்கிறது; மெதுவாக அதிர்வது அகலமாக அதிரும். இடம் தராவிட்டால் அடுத்த ஃப்ரெட்டை இடிக்கும். இடித்தால் கிர்ர்.

இந்த 2.4-இல்தான் சமயப் பூசல் தொடங்குகிறது. தாழ்நிலைவாதிகள் தந்தியை இறக்கி இறக்கி, கிட்டத்தட்ட மரத்திலேயே படுக்கவைத்துவிடுவார்கள். உயர்நிலைவாதிகளின் ஆசாரியர் மோடவுன் இசைத்தட்டுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன். அவருடைய 1962 பிரிசிஷன் பேஸில் தந்திகள் நின்ற உயரத்தில் மற்றவர்கள் வாசிக்கத் திணறினார்களாம். தாழ்நிலையாருக்கு விரல் வலிக்காது, காது வலிக்கும். உயர்நிலையாருக்கு நேர்மாறு.

ஓசை உண்டு என்பதற்கு என்ன பிரமாணம்? சைவ சித்தாந்தம் காட்சி, கருதல், உரை என மூன்று அளவைகளை ஏற்கிறது. இங்கே மூன்றும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. இரவு பத்து மணிக்கு மேல், விஜயநகர் மொட்டைமாடியில், ஆம்ப்ளிஃபையரில் செருகாமல் தனியே வாசித்தால் கிர்ர் தெளிவாகக் கேட்கிறது. காட்சி. காதுக்குக் கேட்டால் கருவியில் பழுது இருந்தாக வேண்டும். கருதல். ஆனால் செருகி, டிரம்ஸும் சேர்ந்துகொண்டால் ஓசையைக் காணோம். பிக்அப்பின் காந்தம் தனக்கு நேர் மேலே தந்தி எப்படி அசைகிறது என்பதை மட்டுமே அறியும். கழுத்தில் நடக்கும் உரசலில் பெரும்பகுதி அதற்கு எட்டுவதில்லை. 'ஆம்ப்ல வரலைன்னா அது பழுதே இல்லை சார்' என்கிறார் பழுது பார்ப்பவர். உரை. கேட்பவன் ஒருவனே உள்ள ஓசை உள்பொருளா இல்பொருளா என்ற வினாவை மெய்கண்டார் எடுத்துக்கொள்ளவில்லை. டிரம்மர் எடுத்துக்கொண்டார்: 'யாருக்கும் தெரியாது, வாசிடா மச்சி.'

ஓசை உண்டு என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து அதன் நிலம். அகப்பொருளுக்கு ஐந்து திணை என்றால் கழுத்துக்கும் ஐந்து. தலைப்பக்கத்து நட்டில் அறுத்த பள்ளம் ஆழமாகிவிட்டால், விரல் வைக்காத வெற்றுத் தந்தி மட்டும் முதல் ஃப்ரெட்டில் உரசும். விரல் வைத்ததும் நின்றுவிடும். கூட்டமே பழுது என்பதால் இது குறிஞ்சி. முதல் நான்கைந்து ஃப்ரெட்டுக்குள் இரைந்தால் கழுத்து அளவுக்கு மீறி நிமிர்ந்துவிட்டது என்று பொருள். கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராடை ஆலன் கீயால் கால் சுற்றுத் தளர்த்திவிட்டு, மரம் அடங்கும் வரை காத்திருக்க வேண்டும். இருத்தலும் இருத்தல் நிமித்தமும்; ஐயமில்லாமல் முல்லை. ஆனால் தலைவிக்கு இருந்த பொறுமை பேஸ் வாசிப்பவருக்குக் கிடையாது. இன்னொரு கால் சுற்று, இன்னொரு கால் சுற்று என்று திருகி, பிறகு பயந்துபோய் எதிர்ப்பக்கம் இறுக்கி, மரையைத் தேய்த்து முடிப்பார்.

ஒரே ஒரு ஃப்ரெட் மட்டும் அக்கம்பக்கத்தாரை விடத் தலைதூக்கி நின்றால் ஊடல், எனவே மருதம். தட்டிச் சமாதானம் செய்யலாம், இணங்காவிட்டால் அரம். பன்னிரண்டுக்கு மேல் எல்லாமே அழுதால் நெய்தல். பிரிட்ஜில் சாடிலை ஏற்ற வேண்டியதுதான்.

பாலைக்குத் தனி நிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் காய்ந்தால் பாலை என்பது இளங்கோவடிகள் கணக்கு. மைசூரில் அது மார்ச்சில் நிகழ்கிறது. கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 760 மீட்டர் மேலே உள்ள ஊர். கடற்காற்று எட்டிப் பார்ப்பதில்லை. காற்று காய்ந்ததும் விரற்பலகை குறுக்குவாட்டில் சுருங்குகிறது, உலோக ஃப்ரெட் சுருங்குவதில்லை. ஃப்ரெட்டின் நுனிகள் ஓரத்தில் நீட்டிக்கொண்டு கையைக் கீறுகின்றன. கழுத்து முன்னால் வளையுமா பின்னால் வளையுமா என்பது மரத்துக்கு மரம் வேறு. நேற்று முல்லையாக இருந்த கிட்டார் இன்று நெய்தலாக எழுந்திருக்கும். இலக்கண நூலார் திணைமயக்கம் என்பர். கடைக்காரர் 'செட்டப் பண்ணணும் சார்' என்பார், விலையும் சொல்வார்.

அளக்கும் முறை எளிது. முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்து, ஏழாவது எட்டாவதுக்கு அருகே தந்திக்கடியில் எவ்வளவு இடைவெளி என்று பார்க்க வேண்டும். 0.3 மி.மீ. அளவில் இருந்தால் நலம்; ஒரு விசிட்டிங் கார்டின் தடிமன் ஏறத்தாழ அவ்வளவு. கையேடுகள் கார்டோடு திருப்தி அடைவதில்லை, ஃபீலர் கேஜ் கேட்கும். அது இசைக்கருவிக் கடையில் இராது. டூவீலர் பட்டறையில் இருக்கும். இந்த விஷயத்தில் மைசூர் கொடுத்துவைத்த ஊர். ஐடியல் ஜாவா ஆலை 1960களின் தொடக்கத்திலிருந்து 1996 வரை இங்கேதான் ஜாவாவும் யெஸ்டியும் செய்தது. அவை டூ ஸ்ட்ரோக் வண்டிகள். வால்வு கிடையாது, டாப்பெட் கிடையாது. ஆனால் சி.பி. பாயிண்ட் உண்டு, அதன் இடைவெளியைப் பார்க்க அதே மெல்லிய தகடுகள்தான் வேண்டும். அரை மில்லிமீட்டருக்குள் ஆயுளைக் கழித்த மெக்கானிக்குகளை வளர்த்த ஊருக்குப் பேஸ் கிட்டார் வந்துசேர்ந்தது தற்செயல் அல்ல என்பது என் துணிபு. சான்று கேட்கக் கூடாது. கிட்டாரும் கையுமாகப் பட்டறைக்குள் நுழைந்தால் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, 'எந்த வண்டி?'

இதுவரை சொன்னது ஓசையைப் பகையாகக் கொண்டவர்கள் தரப்பு. எதிர்த்தரப்பு அக்ரஹாரத்தில் இருக்கிறது. வீணை சேஷண்ணா (1852–1926), அவரிடம் பயின்ற வெங்கடகிரியப்பா, அவருடைய மாணவர் வி. துரைசாமி ஐயங்கார் (1920–1997) என்று வழிவழியாக வந்தது மைசூர் வீணைப் பாணி. வீணைக்கு 24 மெட்டு. கிட்டாரில் போல மரத்தில் அறைந்தவை அல்ல, மெழுகில் பதித்தவை. மேளம் கட்டுபவர் ஒவ்வொரு மெட்டாகக் காதால் கேட்டு, மெழுகை இளக்கி, நகர்த்தி, அமுக்கி நிறுத்துவார். ட்ரஸ் ராடும் இல்லை, ஆலன் கீயும் இல்லை. வெயில் ஏறினால் மெழுகு தானே இளகி ஆக்‌ஷனைத் திருத்திக் கொடுக்கும், நாம் கேட்காத திசையில்.

மெட்டில் தந்தி இரைந்தால் வைணிகருக்கும் கோபம் வரும். ஆனால் குதிரையில் இரைந்தாக வேண்டும். வீணைக் குதிரையின் மேல் உள்ள உலோகத் தகடு சமதளமும் அல்ல, கூர்முனையும் அல்ல, மெல்லிய வளைவு. ஒவ்வொரு அதிர்விலும் தந்தி அதன்மேல் படிந்து படிந்து எழுகிறது. தம்புராவில் அதுவும் போதாமல், தந்திக்கும் குதிரைக்கும் நடுவே ஒரு நூலைச் சொருகி, முடியளவு முன்னும் பின்னும் நகர்த்தி, இரைச்சல் மலரும் இடத்தைத் தேடிக்கொண்டிருப்பார்கள். ஜீவா பிடிப்பது என்று அதற்குப் பெயர். கச்சேரி தொடங்கத் தாமதமானால் பெரும்பாலும் இதுதான் காரணம், காபி அல்ல.

திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் கல்கத்தாவில் இருந்தபோது, 1921-இல், இந்தியத் தந்திக் கருவிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தந்தியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ அந்தப் புள்ளியில் கணு உள்ள மேற்சுரங்கள் ஒலிக்கக் கூடாது என்பது யங்–ஹெல்ம்ஹோல்ட்ஸ் விதி. வீணையும் தம்புராவும் அந்த விதியைச் சட்டை செய்யவில்லை. வரக்கூடாத மேற்சுரங்கள் தாராளமாக வந்தன. குதிரையின் அமைப்பே காரணம் என்று ராமன் காட்டினார். அவர் மனைவி லோகசுந்தரி வீணை வாசிப்பவர், ஆகவே ஆய்வுப் பொருளைத் தேடி அவர் நெடுந்தூரம் அலைந்திருக்க மாட்டார். ஃப்ரெட்டில் நடப்பது வேறு. அங்கே தந்தி வளைவில் படிவதில்லை. ஒரு முகட்டில் மோதி, கையிலிருந்த ஆற்றலை அங்கேயே கொட்டிவிட்டு ஓய்ந்துபோகிறது. முதலாவது வருடல், இரண்டாவது மோதல். எட்டாம் இலக்கணத்தின் தலைமை விதி இதிலிருந்து பிறக்கிறது: ஓசையில் குற்றமில்லை, அது எழும் இடத்தில்தான் குற்றம். ஐயமிருந்தால், பேஸ் வாசிக்கும் பையன் கீழ்வீட்டு வீணை மாமியிடம் போய், 'மாமி, ஒரே இரைச்சல், சரிபண்ணக் கொண்டுபோறேன்' என்று சொல்லிப் பார்க்கட்டும். 'எங்கேடா இரையறது, மெட்டுலயா குதிரையிலயா?' என்றுதான் அவர் கேட்பார்.

விதிக்குப் புறனடை ஒன்று உண்டு. ஜாக்கோ பஸ்டோரியஸ் என்ற அமெரிக்கர் ஃப்ரெட்டே இல்லாத 1962 ஜாஸ் பேஸில் வாசித்தார். விரற்பலகைக்குப் படகுகளுக்குப் பூசும் எபாக்ஸியைப் பூசினார். ஃப்ரெட் இல்லாத கழுத்தில் தந்தி பலகையை நெடுக வருடிக்கொண்டே ஒலிக்கும். கழுத்து முழுவதும் குதிரை வேலை பார்க்கிறது. 1976-இல் வந்த அவருடைய முதல் தனி இசைத்தட்டைக் கேட்கும் வைணிகர், ஒன்றுவிட்ட சித்தப்பா குரல் போல இருக்கிறதே என்று நிமிர்ந்து உட்காரக்கூடும். பேஸ் வாசிப்பவர்களில் பலர் இப்போது அந்த இரைச்சலுக்காகவே தனியாக இன்னொரு கருவி வாங்குகிறார்கள், பழைய கருவியில் அதை ஒழித்துக்கொண்டே.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. இங்கே தந்த அளவுகள் கோடைக்கு மட்டும் செல்லும். ஜூனில் மழை பிடித்ததும் மரம் ஈரம் குடித்துக்கொண்டு வேறு கணக்குச் சொல்லத் தொடங்கும், அப்போது 2.4 என்பது 2.4 ஆக இராது. திருத்திய இரண்டாம் பதிப்பு அந்தச் சமயத்தில் வெளிவரும். விசிட்டிங் கார்டு வாசகரே கொண்டுவர வேண்டும்.