ஏரி பார்த்து வந்தவர்

காலை ஆறரை மணி. பங்காருபாளையம் பஸ் நிறுத்தத்து டீக்கடை. வந்து நின்றவர் டம்ளரைக்கூடப் பார்க்காமல், "டபுள் டபுள்" என்றார்.

டீ மாஸ்டர் ஒரு கணம் கணக்குப் போட்டார். "ரெண்டு டீயா மாமா, நாலு டீயா?"

மாமா சிரித்தார். விவரம் தெரியாதவர்களைப் பார்த்து விவரம் தெரிந்தவர்கள் சிரிக்கும் சிரிப்பு அது. கனடாவில் டிம் ஹார்ட்டன்ஸ் என்றொரு காபிக்கடை ஊருக்கு ஊர் உண்டு. இரண்டு பங்கு க்ரீம், இரண்டு பங்கு சர்க்கரை போட்ட காபிக்கு அங்கே அதுதான் பெயர். இதை அவர் விளக்கி முடிப்பதற்குள் மாஸ்டர் நாலு டீ ஆற்றி வைத்துவிட்டார். மாமா இரண்டைக் குடித்தார். மீதி இரண்டை என் பக்கம் தள்ளினார். ஓசி டீ குடித்தவன் கதை கேட்காமல் எழுந்து போக முடியுமா? அன்றிலிருந்து நான் அவருடைய நிரந்தர சபை.

இவர் மாதிரி ஆட்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வெளிநாட்டில் பிள்ளை இருக்கும் ஒவ்வொரு ஊரிலும் ஒருவர் உண்டு. சித்தூர் வெயிலிலும் கையில்லாத கோட்டு ஒன்று போட்டிருப்பார். தொப்பியில் சிவப்பாக மேப்பிள் இலை இருக்கும். நம் ஊர் ஏரியை ஏரி என்றும் அந்த ஊர் ஏரியை 'லேக்' என்றும் சொல்வார். யாராவது வாய் தவறி "வெயில் ஜாஸ்திப்பா" என்றால் போச்சு, அங்கிருந்து கனடா பனிக்கு ஒரே தாவு.

எங்கள் மாமா தோப்புக்காரர். பத்து ஏக்கர் தோத்தாபுரி. கிளிமூக்கு என்று தமிழ்நாட்டில் சொல்கிறார்களே, அதேதான். ஜூன், ஜூலையில் காய் இறக்கி மண்டியில் போட்டுவிட்டு, மகனைப் பார்க்க ஆகஸ்ட்டில் கனடாவுக்கு விமானம் ஏறினார். ஆறு மாதம் இருந்துவிட்டு, மாமரம் பூத்து நிற்கும்போது திரும்பி வந்தார். சூப்பர் விசாவில் பெற்றோரை அழைக்க வேண்டுமானால் குறைந்தது ஒரு லட்சம் டாலருக்கு மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். மாமா அதை இப்படிச் சொல்வார்: "என் ஒடம்புக்கு லட்சம் டாலர் மதிப்பு போட்டாம்பா கனடாக்காரன். நம்ம சொசைட்டியில இன்னா குடுப்பான், சொல்லு?"

டாலரை ரூபாயாக்கிப் பேசுவது சாதாரண ஆட்களின் வேலை. மாமா டாலரைத் தோத்தாபுரியாக்குவார். முடி வெட்ட ஒரு மூட்டை காய். ஏரிக்கரையில் மூன்று நாள் தங்கிய வீட்டுக்கு வாடகை நாலு டன். இதில் ஒரு சிக்கல் உண்டு. மண்டியில் காய் விலை விழுந்த வருஷம் அதே வீட்டின் வாடகை பதினெட்டு டன்னாகிவிட்டது. எப்போதோ கொடுத்து முடித்த வாடகை இப்படி வருஷா வருஷம் ஏறி இறங்குவது உலகத்திலேயே எங்கள் ஊர் டீக்கடையில்தான்.

அந்த மூன்று நாள்தான் அவருடைய புராணம். ஆறு மாதம் இருந்தவர் மற்ற நாட்களைப் பற்றி அதிகம் வாய் திறப்பதில்லை.

கதை ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் தொடங்கும். டொரன்டோவிலிருந்து வடக்கே போகிற சாலையில் எறும்பு வரிசை மாதிரி கார். புரட்டாசி சனிக்கிழமைக்குத் திருமலை ஏறுகிற கூட்டத்தைப் பார்த்தவர் ஆயிற்றே, மகனிடம் பக்தியோடு கேட்டிருக்கிறார்:

"எந்தக் கோயிலுக்குப் போறாங்க நைனா?"

"கோயில் இல்லப்பா, ஏரிக்கு."

"ஏரியில இன்னா விசேஷம்?"

"ஒண்ணுமில்ல. சும்மா உட்கார்ந்திருப்பாங்க."

இந்த இடத்தில் மாமா சற்று நிறுத்துவார். சும்மா உட்காருவதற்காக 135 கிலோமீட்டர் போகிறவர்களைப் பற்றி, சும்மா உட்கார்ந்திருக்கும் நாங்கள் யோசிக்க வேண்டும் என்பதற்காக.

போய்ச் சேர்ந்த ஊர் ஒரிலியா. கூச்சிச்சிங் என்கிற ஏரியின் கரையில் உள்ள சின்ன ஊர். மாமா வாயில் அது 'குச்சி சிங்' ஆகும். முதல் தடவை கேட்டபோது டீ மாஸ்டர், "சர்தார்ஜி ஏரியா மாமா?" என்றார். கனடாவில் சர்தார்ஜிகள் நிறைய என்று அவருக்கும் தெரியும். பெயர் அந்த மண்ணின் ஆதிக்குடிகள் வைத்தது என்று நான் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. இன்றைக்கும் எங்கள் கடையில் அது சிங் ஏரிதான்.

தங்கிய வீட்டுக்கு காட்டேஜ் என்று பெயர். மரவீடு. செல்போன் சிக்னல் இல்லை. குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்காதே என்றார்கள். கக்கூஸ் தொட்டி நிறைந்துவிடும், பார்த்துத் தண்ணீர் விடு என்றார்கள். வெளியே கட்டை அடுக்கித் தீ மூட்டிச் சமையல். பொழுது சாய்ந்தால் கொசு. "தம்பி, இத்தெ நம்ம ஊர்ல இன்னான்னு சொல்லுவோம்? தோப்புக் கொட்டாய். அதுல நான் நாப்பது வருசமா ஓசியில படுத்துக்கினு கீறன். அதுக்கு அங்க நாலு டன்!"

மறுநாள் காலை ஏரிக்கரையில் நின்று அவர் மகனைக் கேட்ட கேள்விகள் ஊரில் பிரசித்தம். ஏரிக்கட்டு எங்கே? மதகு எத்தனை? பாசனம் எத்தனை ஏக்கர்? இந்த வருஷம் மீன் ஏலம் யார் எடுத்தது? ஒன்றுக்கும் மகனிடம் பதில் இல்லை. படிக்க வைத்தது தப்போ என்று ஒரு நிமிஷம் தோன்றியதாம்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நம் பக்கத்து ஏரி என்பது மனிதன் கட்டியது. மூன்று பக்கம் மேடு, ஒரு பக்கம் கரை, கரையில் மதகு, மிஞ்சின தண்ணீர் போகக் கலங்கல், கீழே ஆயக்கட்டு. கரை உடைந்தால் ஊருக்கே ராத்தூக்கம் இல்லை. அங்கே ஏரி யாரும் வெட்டியதில்லை. பனியுகத்துப் பனிப்பாறைகள் நிலத்தைச் சுரண்டிக்கொண்டு போன பள்ளங்களில் தண்ணீர் நின்றுவிட்டது. ஒன்டாரியோ மாகாணத்தில் மட்டும் இப்படி இரண்டரை லட்சம் ஏரிகளுக்கு மேல். மாமா அதைக் கேட்டுக் கண் கலங்கினார் என்பது உண்மை. ஆயிரம் அடிக்கு போர் போட்டுக் காற்று வாங்கினவர்களுக்குத்தான் அந்தக் கண்ணீர் புரியும்.

தூண்டில் போடலாம் என்றால் அதற்கும் லைசென்ஸ் வேண்டும் என்றார்கள். அதோடு கனடா மீது அவருக்கிருந்த மரியாதை பாதி குறைந்தது. மீதியைக் காப்பாற்றியது பக்கத்தில் உள்ள ஒரு குறுகிய நீர்வழி. அங்கே ஆதிக்குடிகள் சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன்பே மரக்குச்சிகளை அடிநிலத்தில் நட்டு, வேலி போல வளைத்து மீனை மடக்கியிருக்கிறார்கள். குச்சிகளில் சில இன்னும் தண்ணீருக்கடியில் இருக்கின்றன. "நம்ம கால்வாயில படல் கட்டி மீன் பிடிப்பமே, அதே வேலைப்பா. அவனுக்கு எவன் லைசென்ஸ் குடுத்தான்?"

மாமாவின் கதைகளில் ஒரு விசித்திரம் உண்டு. அவர் சொல்லும் பொய்யை எல்லோரும் நம்புவார்கள், உண்மையை ஒருத்தரும் நம்பமாட்டார்கள். கனடாவில் நாய்க்கு ரேஷன் கார்டு உண்டு என்றார்; "இருக்கும், இருக்கும்" என்று தலையாட்டினார்கள். ஏரிகளையும் ஆறுகளையும் கோத்து 386 கிலோமீட்டருக்கு ஒரு நீர்வழி இருக்கிறது, அதில் ஓரிடத்தில் படகை அப்படியே தூக்கித் தண்டவாளத்தில் ஏற்றி, மேட்டைத் தாண்டி அந்தப் பக்கத் தண்ணீரில் இறக்குகிறார்கள் என்றார். கடையே சிரித்தது. டிரென்ட்–செவெர்ன் என்கிற அந்த நீர்வழியும் பிக் ஷூட் என்கிற அந்தப் படகு ரயிலும் இன்றும் இருக்கின்றன. ஜனவரியில் பக்கத்து சிம்கோ ஏரி உறைந்து, அதன் மேல் குடிசை போட்டு உட்கார்ந்து, பனியில் ஓட்டை போட்டு மீன் பிடிக்கிறார்கள் என்றதும் கறிவேப்பிலை விற்க வந்த அம்மாள்கூடக் கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார். அதுவும் சத்தியமான உண்மை. பாவம், அன்றைக்கு மாமா ஒரு பொய்யும் சொல்லவில்லை.

எங்கள் ஊரில் ஒரே கதையை இரண்டு மொழியில் சொல்லும் வசதி உண்டு. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது வட ஆர்க்காட்டிலிருந்து பிரிந்த தாலுகாக்களோடு தமிழும் கூடவே வந்துவிட்டது. பங்காரு தெலுங்கில் தங்கம், பாளையம் பொதுச்சொத்து. மாமா தமிழில் சொல்லும்போது ஏரியின் அக்கரை தெரியும். தெலுங்கில் சொல்லும்போது அக்கரை தெரியாது.

ஒருநாள் அவர் சொன்ன ஒரு விவரத்தில் நான் டம்ளரை வைத்துவிட்டேன். "ஏரிக்கரையில ஒரு பங்களா தம்பி. யாரோ வாத்தியாராம். சிரிப்புக் கதை எழுதினவராம். அத்தெப் பாக்க டிக்கெட் குடுத்து வராங்க."

ஸ்டீஃபன் லீகாக்! மான்ட்ரியாலில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியர், கோடைக்கு ஒரிலியா. அந்த ஊரை மனதில் வைத்து மரிப்போசா என்றொரு கற்பனைச் சிற்றூரைப் படைத்து, 1912இல் அவர் வெளியிட்ட நகைச்சுவைப் புத்தகம் இன்றும் வாசிக்கப்படுகிறது. அதில் ஊரே திரண்டு நீராவிப் படகில் உல்லாசப் பயணம் போகும்; படகு முழுகும்; ஏரிதான் ஆழமில்லையே, படகு அடிமண்ணில் உட்கார்ந்துகொள்ளும். இதை நான் உற்சாகமாகச் சொன்னேன். மாமா அசரவில்லை. "நம்ம ஏரியில எருமை உக்காருமே, அப்படியா? இதுக்கா பங்களா குடுத்தாங்க?" பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீயும்தான் என்னமோ எழுதற. ஒரு கொட்டாயாவது போட்டியா?"

அன்று இரண்டு டீக்கும் நானே காசு கொடுத்துவிட்டு வந்தேன்.

அவர் மகனும் நானும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். போன மாதம் அவன் போன் செய்தபோது, "உங்கப்பா ஒரிலியாவைத் தவிர வேற பேச்சே பேசறதில்லடா" என்று புகார் வாசித்தேன். அந்தப் பக்கம் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

"டேய், அந்த மூணு நாளும் அவர் ஏரியைத் திரும்பிக்கூடப் பாக்கலடா. பங்காருபாளையத்தைப் பத்தியே பேசினார். பக்கத்து காட்டேஜ்ல ஒரு வெள்ளைக்காரத் தாத்தா. கரடி வரும், குப்பைத் தொட்டியை நல்லா மூடி வைங்கன்னு சொல்ல வந்தார். 'கரடியா? எங்க ஊர்ல யானை வரும்னு சொல்லுடா'ன்னு என்னை மொழிபெயர்க்கச் சொன்னார். கௌண்டின்யா காட்டிலேருந்து யானை இறங்கி மாங்கா தின்னது, சொட்டுநீர்க் குழாயை மிதிச்சு நாசம் பண்ணது, பட்டாசு வெடிச்சு வெரட்டினது, எல்லாம் ரெண்டு மணி நேரம். அந்தத் தாத்தா திறந்த வாயை மூடவே இல்ல. ராத்திரி லூன்னு ஒரு பறவை கத்திச்சு. அவங்க டாலர் காசுலேயே அதோட படம் இருக்கு, அவ்வளவு பெருமை அவங்களுக்கு. 'இது இன்னா கத்தல், நம்ம மொகிலி மலைப்பக்கம் நரி ஊளையிடறதக் கேளு'ன்னு சொல்லிட்டுத் தூங்கப் போயிட்டார்."

அப்போதுதான் மாமா எனக்கு முழுசாகப் புரிந்தார். அங்கே பங்காருபாளையத்துக்காரர், இங்கே கனடாக்காரர். எந்த ஊரில் நிற்கிறாரோ அந்த ஊரைத் தவிர மற்ற ஊரெல்லாம் அவருக்குச் சொர்க்கம். நமக்கும் அப்படித்தான், நமக்கு விமான டிக்கெட் இல்லை, அவ்வளவுதான்.

போனை வைக்கும் முன் அவன் இன்னொன்றும் சொன்னான். "ஆறு மாசத்துல நான் லேப்டாப்பைத் தொடாம அப்பா பக்கத்துல உட்கார்ந்தது அந்த மூணு நாள்தான்டா."

ஏரிக்கரை வீடுகளில் சாய்ந்த முதுகும் அகலக் கையும் வைத்த மர நாற்காலிகளைத் தண்ணீரைப் பார்த்துப் போட்டிருப்பார்கள். முஸ்கோகா நாற்காலி என்று அந்தப் பக்கத்தில் பெயர். மாமா செல்போனில் இருந்த படத்தை ஆசாரியிடம் காட்டி, மாம்பலகையில் அதே மாதிரி செய்து, தோப்புக் கொட்டாய் வாசலில் போட்டிருக்கிறார். எதிரே எங்கள் ஏரி. நல்ல மழை பெய்த வருஷம் தண்ணீர் நிற்கும். மற்ற வருஷம் கிரிக்கெட் ஆடுகிறார்கள். ஆசாரி சாய்மானத்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டதால் உட்கார்ந்தவர் தானாக எழ முடியாது. செய்யச் சொன்னது இரண்டு நாற்காலி.

ஜூன் மாதம் சித்தூரிலிருந்து பலமநேர் வழியாக பெங்களூர் போகிறவர்கள் எங்கள் ஊரில் காய் ஏற்றிய டிராக்டர் வரிசையைப் பார்க்கலாம். அவசரம் இல்லாதவர்கள் இறங்கி, டீக்கடையில் மாமா தோப்புக்கு வழி கேளுங்கள். இரண்டாவது நாற்காலி காலியாகத்தான் கிடக்கிறது. உட்கார்ந்து இரண்டு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். எழுப்பிவிட மட்டும் கூட ஒரு ஆளை அழைத்து வாருங்கள்.