குபேர் வேஷத்துக்கு இரண்டு தொப்பி

காந்திக்கு ஒரு கண்ணாடி, கம்பு. நேருவுக்கு ஒரு ரோஜா. படேலுக்கு ஒரு போர்வை. இந்திய விடுதலையை எட்டாம் வகுப்பில் நாடகமாகப் போட நூறு ரூபாய் போதும். புதுச்சேரி விடுதலையைப் போடுவதுதான் பெரும்பாடு. இங்கே தியாகி யார், வில்லன் யார் என்று கேட்டால், "எந்த வருஷத்துல?" என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

எதுவார் குபேரை எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சிந்திய சோஷலிஸ்ட் கட்சியின் தலைவர். 1951-இல் பாரீஸ் நாடாளுமன்றத்துக்கே உறுப்பினராகப் போனவர். இங்கே பிரெஞ்சுக் கொடி பறந்தது பாதி காற்றால், பாதி இவரால். 1954 மார்ச்சில் மனிதர் கட்சியோடு இந்தியா பக்கம் வந்துவிட்டார். நெட்டப்பாக்கத்தில் தற்காலிக அரசு வேறு.

ஒத்திகையில் அந்த வேஷம் கட்டிய பையன் கேட்டான்: "சார், நான் நல்லவனா, கெட்டவனா?"

"மூணாவது சீன் வரைக்கும் கெட்டவன். அப்புறம் தியாகி."

"நடுவுல எனக்கு டயலாக்கே இல்லியே சார்?"

நியாயமான கேள்வி. மனம் மாறும் வசனத்தை எழுத எனக்கும் வரவில்லை. பெர்மிட், சுங்கம் என்று இந்தியா நாலா பக்கமும் நெருக்கிக்கொண்டிருந்தது. அதே மார்ச்சில் வியட்நாமின் தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை முற்றுகையில் மாட்டியிருந்தது. இதையெல்லாம் ஒரு வரியில் எப்படிச் சொல்வது? கடைசியில் பையனிடம் இரண்டு தொப்பியைக் கொடுத்து, மேடையிலேயே மாற்றிக்கொள்ளச் சொன்னேன். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது.

கம்யூனிஸ்ட் தலைவர் வ. சுப்பையா வேஷம் சுலபம் என்று நினைத்தேன். சவானா பஞ்சாலைத் தொழிலாளர் போராட்டக் காட்சி ஒன்று போதுமே. 1936 ஜூலை 30 துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர்கள் செத்தார்கள். அடுத்த வருஷமே எட்டு மணி நேர வேலை சட்டமானது. சாகப் பன்னிரண்டு பேர் வேண்டும் என்றதும் கடைசி பெஞ்ச் மொத்தமும் எழுந்து வந்தது, வசனம் கிடையாது என்பதால். ஆனால் நாற்பதுகளின் கடைசியில், பிரெஞ்சு யூனியனுக்குள்ளேயே சுயாட்சி கிடைத்தால் போதும் என்ற பேச்சு சுப்பையாவின் கம்யூனிஸ்டுகளிடமும் இருந்தது. ஆக, அவருக்கும் ஒரு தொப்பி கூடுதலாக வாங்க வேண்டியதாயிற்று.

இந்தியாவோடு இணைவதா என்று கேட்ட கீழூர் வாக்கெடுப்புதான் உச்சக்கட்டம். 1954 அக்டோபர் 18. ஊர் ஜனம் ஓட்டுப் போடவில்லை. மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் போட்டார்கள். எட்டாம் வகுப்பின் நாலு பிரிவையும் சேர்த்து உட்கார வைத்தால் கிட்டத்தட்ட அந்தக் கணக்கு வந்துவிடும். இணைப்புக்கு 170, எதிர்த்து 8. அந்த எட்டாக இருக்க ஒருவரும் முன்வரவில்லை. தேசத்துரோகிப் பட்டம் யாருக்கு வேண்டும்? பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கை தூக்கினாள். "நான் இருக்கேன் சார். எங்க கொள்ளுத்தாத்தா சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர். பிரெஞ்சு பென்ஷன்லதான் வீடு கட்டினாங்க." அவ்வளவுதான், மீதி ஏழு இடத்துக்கு அடிதடி.

1954 நவம்பர் 1-இல் நிர்வாகம் கைமாறியது. அத்தோடு திரையைப் போடலாம் என்றால் முடியாது. ஒப்பந்தக் கையெழுத்து 1956-இல். பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தந்து, சட்டப்படி ஊர் நம் கைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16. தாலி கட்டிக் குடித்தனம் நடத்தி, எட்டு வருஷம் கழித்து ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போன கல்யாணம் இது. நாடகத்தில் அதை இடைவேளை என்று அறிவித்து சமாளித்தோம்.

1963-இல் யூனியன் பிரதேசத்தின் முதல் முதலமைச்சர் யார் தெரியுமா? குபேர்தான்! நாற்காலி ஓராண்டுக்குச் சற்று மேல்தான் தாங்கியது, ஆனால் சாலைப் பெயர் நிலைத்துவிட்டது. சுப்பையாவுக்குக் கிடைத்தது ரயிலடிச் சாலை. குபேருக்குக் கடற்கரைச் சாலை. காந்தி சிலையே குபேர் சாலையில்தான் நிற்கிறது.