ஏழாம் கேட்டின் குற்றம்

ஆதியில் குதிரைப் பந்தயத்துக்குக் கேட்டும் கிடையாது, நம்பரும் கிடையாது. ஒரு துரை கொடி பிடித்து நிற்பார். அவர் கொடியை இறக்குவதற்குள் பாதிக் குதிரை பறந்திருக்கும், மீதி பின்பக்கத்தைக் காட்டி நிற்கும். காந்திபுரத்தில் டவுன் பஸ்ஸுக்கு ஏறும் கூட்டம் இதைவிட ஒழுங்கு.

1894-இல் ஆஸ்திரேலியர்கள் குறுக்கே கயிறு கட்டினார்கள். 1939-இல் கிளே பியூட் என்ற அமெரிக்கர், குதிரைகளைப் பெட்டிகளில் அடைத்து மின்சாரத்தில் கதவைத் திறந்தார். தடை தாண்டும் பந்தயக்காரர்கள் மட்டும் கயிற்றை விடவில்லை. அதற்கான கூலி 1993 கிராண்ட் நேஷனலில் கிடைத்தது. கயிறு ஒரு ஜாக்கியின் கழுத்தில் சுற்றிக்கொண்டது. நிறுத்தச் சொன்னதைக் கவனிக்காமல் 39-இல் 30 குதிரை கிளம்பி, ஏழு ஓடியே முடித்தன. முதலில் வந்த எஷா நெஸ்ஸுக்குக் கிடைத்த பரிசு: ரேஸ் செல்லாது.

பெட்டி வந்ததும் சீட்டுக் குலுக்கி ஆளுக்கொரு கேட். தோற்றவனுக்கு அன்றுதான் விடிவு பிறந்தது. அதுவரை அவன் ஜாக்கியைத் திட்டிக்கொண்டிருந்தான். "குதிரை தங்கமானதுங்க. ஏழாம் கேட்டுதானுங்க கெடுத்துப்போட்டுது!"

அவன் சொல்வதில் கொஞ்சம் கணக்கும் உண்டு. கோவை ரேஸ்கோர்ஸில் குதிரை ஓடிய காலம் போய், இப்போது சுமார் இரண்டரை கிலோமீட்டர் வட்டத்தில் சர்க்கரை வியாதி ஓடுகிறது. அங்கே உள்விளிம்பை ஒட்டி நடப்பவரைவிட, ஒரு மீட்டர் தள்ளி நடப்பவருக்குச் சுற்றுக்கு ஆறு மீட்டருக்கு மேல் கூடுதல் நடை. வட்டம் எவ்வளவு பெரிதானாலும் அதே ஆறுதான். (மூன்று பேர் கைகோத்து அரசியல் பேசி நடந்தால், வெளியே இருப்பவருக்கு மாத்திரை சீக்கிரம் குறையும்.) வெளிக் கேட்டிலிருந்து வந்து ஒரு மீட்டர் தள்ளி ஓடும் குதிரைக்கு அரைவட்ட வளைவிலேயே மூன்று மீட்டர் போச்சு, அதாவது ஓர் உடல் நீளத்துக்கும் மேல். ஆனால் முதல் வளைவுக்கு முன் நீண்ட நேர்ப்பாதை இருந்தால், கெட்டிக்கார ஜாக்கி நைசாக உள்ளே வந்துவிடுவார். ஏழாவது கேட்டும் ஒன்றுதான், இரண்டாவதும் ஒன்றுதான். இங்கிலாந்தின் செஸ்டர் மைதானம் ஏறக்குறைய முழுக்க வளைவு; உள் கேட்டுக்கு அங்கே மவுசு. அது ஊருக்கே தெரியும் என்பதால் புக்கியும் விலையைக் குறைத்துத்தான் வைப்பார்.

1974-இல் தமிழ்நாடு அரசு ரேஸை ஒழிக்கச் சட்டம் போட்டது. கோர்ட்டுக்குப் போன அந்த ரேஸ் 1996-இல்தான் முடிந்தது. குதிரைப் பந்தயம் அதிர்ஷ்டமல்ல, திறமை என்றது உச்ச நீதிமன்றம். ஏழாம் கேட்டைத் திட்டிக்கொண்டிருந்தவன் ஒரே நாளில் அறிஞனானான்.

உண்மையில் உள் கேட்டில் நின்றது பந்தயம் நடத்திய ரேஸ் கிளப்தான். கிண்டியில் 160 ஏக்கர், 99 வருஷக் குத்தகை, வருஷத்துக்கு 614 ரூபாய்ச் சொச்சம் வாடகை! 2024-இல் பாக்கி 730 கோடி என்று சொல்லி அரசு பூட்டுப் போட்டது. அதே ஆண்டு ஊட்டி மைதானமும் அரசின் கைக்குப் போனது. மேட்டுப்பாளையம் வழியாக சீசனுக்கு மலையேறிய கோவைக்காரர்களுக்கு இப்போது திட்டுவதற்கு ஒரு கேட்டும் இல்லை.