அளவைத் தளர்த்துங்கள், ஆபத்து குறையும்

இரத்த அழுத்தத்துக்குப் பயந்து உப்பைக் குறைப்பவர்கள் விவரம் தெரியாதவர்கள். அளப்பதைக் கொஞ்சம் தளர்த்தினாலே போதும். மாடிப்படி ஏறி மூச்சிரைக்க வந்தவரை உட்காரவைத்து, முழுக்கைச் சட்டைக்கு மேலேயே பட்டையைச் சுற்றி, ஒரே தடவை பார்த்து, எண்ணைப் பூஜ்யத்தில் முடியும்படி எழுதிக்கொள்ளுங்கள். அடுத்தவருக்கு அவர் வந்த நேரத்தின் ராசிப்படி. இதையெல்லாம் இரண்டு அளவுகளின் உறவுக்குக் கோடு போடும் ரெக்ரஷன் கணக்கில் போட்டால், அந்தக் கோடு தானாகச் சாய்ந்து படுத்துக்கொள்ளும். அழுத்தத்துக்கும் மாரடைப்புக்கும் பெரிதாக உறவில்லை என்று தெரியவரும். மாத்திரைச் செலவு மிச்சம்!

அளவுப் பிழையால் உறவு இப்படி மெலிந்து தெரிவதைத் திருத்த 1904-லேயே உளவியலாளர் ஸ்பியர்மன் சூத்திரம் எழுதினார். நல்லவேளை, எல்லோரும் படிப்பதில்லை. 1990-இல் லான்செட் இதழில் சிலர் பிழையைத் திருத்திக் கணக்கிட்டு, தொடர்பு முன்பு நினைத்ததைவிடச் சுமார் 60 சதவீதம் வலுவானது என்று சொல்லி நிம்மதியைக் கெடுத்தார்கள்.

ஒரே ஒரு சங்கடம், இந்தத் தளர்வு சிகரெட் கணக்கிலும் நுழைந்துவிடுகிறது. நாளைக்குப் பத்து சிகரெட் ஊதுபவரும் இருபது ஊதுபவரும் "எப்பவாவது ஒண்ணு சார்" என்றே படிவத்தில் எழுதுகிறார்கள். சிகரெட் பாதித் தண்டனையோடு தப்பிவிடுகிறது. மிச்சப் பழி, கூடவே அவர்கள் குடித்த காபியின் தலையில்.

காபிப் பிரியர்கள் ஜாமீனுக்கு ஆள் பார்த்து வைத்துக்கொள்ளவும்.